குன்னூர் வீட்டுச் சுவருக்கு எது: 1837ஆம் ஆண்டு அச்சுப்படமா, தமிழ்நாட்டு யதார்த்த ஓவியரின் தைல ஓவியமா?

நீலகிரியில் பழைய பங்களாவை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் வரவேற்பறைக்கு முதலில் தேடுவது வெள்ளைக்காரர் காலத்து உதகைக் காட்சி ஒன்றை. அந்தப் பணத்தைத் தமிழ்நாட்டு யதார்த்த ஓவியர் ஒருவரின் படத்தில் போடலாம் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

முதலில் பழைய படம். கேப்டன் ரிச்சர்ட் பாரன் 1835இல் இந்த மலையில் தங்கி வரைந்த காட்சிகளை லண்டனில் ராபர்ட் ஹேவல் 1837இல் அக்வாடின்ட் என்ற செப்புத்தகட்டு அச்சுத் தாள்களாக வெளியிட்டார். அமெரிக்கப் பறவைகளை வரைந்த ஆடுபானுக்குத் தகடு செதுக்கியவரும் இதே ஹேவல்தான். செப்புத் தகட்டில் அச்சிட்டுக் கையால் வண்ணம் பூசிய உதகை ஏரிக் காட்சி இன்றைக்கும் அழகுதான். ஓவியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் பதிவில் இருப்பதால் விலை பேசுவது எளிது, விற்பதும் எளிது. ஆனால் உங்களிடம் இருப்பது பல பிரதிகளில் ஒன்று. பூதக்கண்ணாடியில் வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் நகல். இன்னொன்று: நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருவதில்லை. எனவே வாங்குபவரை இந்தியாவுக்குள்ளேதான் தேட வேண்டும்.

இப்போது தமிழ்நாட்டு ஓவியர் பக்கம்: சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் வாழ்ந்தவர், நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர், பிறகு கோவில்பட்டியில் நிலைகொண்டு சீடர்களுடன் சிவகாசி அச்சகங்களுக்குத் தெய்வப் படங்கள் வரைந்தவர். கோத்தகிரிப் பூஜையறைகள் வரை அவர் படங்கள் வந்து சேர்ந்தன. பெயர் மட்டும் சந்தைக்கு வந்து சேரவில்லை. 'காலண்டர் படம்' என்று ஒதுக்கிவிட்டார்கள். ஐரோப்பியத் தைல முறையில் இந்தியத் தெய்வங்களை வரைந்த ரவிவர்மாவின் யசோதை–கிருஷ்ணர் ஓவியம் 2023இல் 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. கைத்திறன் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்காது. அரண்மனைப் பதிவுகள், ஏல வரலாறு, தேசியக் கலைச்செல்வம் என்ற அரசு அங்கீகாரம் எல்லாம் ஒருவருக்கு வாய்த்தன, மற்றவருக்கு வாய்க்கவில்லை. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்களோடு சேர்ந்து இயங்கிய பட்டறை அது. கையெழுத்தை மட்டும் நம்பக்கூடாது. எந்த அச்சகத்துக்குப் போன படம், யார் வீட்டிலிருந்து வந்தது என்ற சங்கிலி வேண்டும். அது இல்லாத படத்துக்குப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

குன்னூர் ஈரம் இரண்டையும் தின்னும். தாளில் பழுப்புப் புள்ளிகள் படர்ந்துவிட்டால் பாரனின் மதிப்பு சரியும். தைல ஓவியத்திலும் துணி தளரும், பின்புறம் பூஞ்சை பிடிக்கும். ஆனாலும் தேர்ந்தவர் கையில் அதைத் துடைத்து மீட்பது தாளை மீட்பதைவிட எளிது. எதுவானாலும் மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் கணப்புக்கு மேலும் மாட்டாதீர்கள்.

ஐந்தாண்டில் விற்கும் எண்ணம் இருந்தால் பாரனையே வாங்குங்கள். வீட்டிலேயே இருக்கப் போகும் படம் என்றால் என் தேர்வு, இன்றைக்கு வரைந்துகொண்டிருக்கும் யதார்த்த ஓவியரின் தைல ஓவியம். 2021இல் கொரோனாவுக்குப் பலியான கும்பகோணத்து ஓவியர் இளையராஜா, வாசற்படியிலும் அடுக்களையிலும் நிற்கும் நம் பெண்களை எவ்வளவு உயிரோடு வரைந்தார்! அந்த வழியில் வருகிறவர்களிடம் நேரில் வாங்கினால் பணம் வரைந்த கைக்கே போகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, மூல ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதன் முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கோ வாரிசுக்கோ அதிகபட்சம் பத்து சதவீதம் வரை பங்கு கேட்கும் உரிமை உண்டு. இதை அறிந்த ஓவியர்கள் குறைவு, வாங்குபவர்கள் அதைவிடக் குறைவு. எனவே வாங்கும்போதே தலைப்பு, அளவு, ஆண்டு, விலை எழுதிய ரசீதில் ஓவியரின் கையெழுத்தைப் பெற்று, படத்தோடு அவர் நிற்கும் புகைப்படம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். கொண்டையராஜுவின் படங்களுக்கு இல்லாமல் போனது அந்த ஆவணம்தான்.