கலங்கல் தண்ணீரில் கண் தெரியுமா? 15 மீட்டர் ஒயர் மீன் கேமரா

தண்ணீருக்குள் இறக்கி, கரையிலிருந்தே மீனைத் திரையில் பார்க்கும் கேமரா இது. 7 அங்குலத் திரை, 15 மீட்டர் ஒயர். டெல்டாவில் இதற்கு வேலை இருக்கிறதா என்பது தண்ணீரைப் பொறுத்தது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்துவிட்டால் பெட்டியிலேயே இருக்கட்டும். அந்தக் கலங்கலில் கேமராவின் எல்இடி விளக்கைப் போட்டால் வண்டல்தான் பனிமூட்டமாக மின்னும். அணைத்தால் கொஞ்சம் தேவலை. கோடையில் கொள்ளிடத்து மடுக்கள் தெளிந்ததும் எடுக்கலாம். ஒயரில் 100 கிராம் ஈயம் கட்டி, தரைக்கு ஓரடி மேலே நிறுத்துங்கள். தரையைத் தொட்டால் சேறு கிளம்பும், அடங்கும்வரை திரையில் காவி நிறம்தான். கெண்டை, ஜிலேபி நன்றாகத் தெரியும். ஆகாயத்தாமரைக்கடியில் கிடக்கும் விராலுக்கு உதவாது, ஒயர் வேரில் சிக்கும். அங்கே தவளைத் தூண்டில்தான். சிக்கிய ஒயரை வெடுக்கென்று இழுத்தால் ஒயர் நுழையும் இடத்து ரப்பர் விட்டு, கண்ணாடிக்குள் ஆவி படியும்.