அலெக்ஸா ஃப்ளோர் 488 ஆன்டி-மவுஸ்: காசுக்கு ஏற்ற பொருள்

செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் புரதத்தை ஒளிரவைத்துப் பார்க்க (ஸ்டெயினிங்) இன்விட்ரோஜன் நிறுவனத்தின் இந்த செகண்டரி ஆன்டிபாடியைத்தான் பயன்படுத்துகிறேன்; புரதத்தை முதலில் பிடிப்பது மவுஸ் (சுண்டெலி) பிரைமரி ஆன்டிபாடி, அதன்மேல் ஒட்டிப் பச்சையாக ஒளிர்வது இது, மனதுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எஃப்ஐடிசி என்ற பழைய பச்சைச் சாயம் என்றால் கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப்பில் ஃபோகஸ் சரிசெய்வதற்குள்ளேயே மங்கத் தொடங்கிவிடும், போதாக்குறைக்கு பிஹெச் 7-க்குக் கீழே இறங்கினால் ஒளியும் குறையும். இது பிஹெச் 4 முதல் 10 வரை அசராமல் ஒளிர்கிறது. 488 நானோமீட்டர் லேசர் பட்டதும் உட்கருவைச் சுற்றி டியூபுலினால் ஆன மைக்ரோடியூபுல் இழைகள் தனித்தனியாகப் பச்சையில் தெரியும், அவ்வளவு தெளிவு!

வாங்கும்போது 'ஹைலி கிராஸ்-அட்சார்ப்ட்' வகையையே (மற்ற விலங்குகளின் ஆன்டிபாடிகளில் ஒட்டுபவற்றை நீக்கியது) கேளுங்கள். மவுஸ், ரேட் (பெரிய எலி) இரண்டின் பிரைமரிகளையும் ஒரே ஸ்லைடில் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் சாதாரண வகை இரண்டையும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எந்தப் பச்சை எதனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. செகண்டரி தானாகவே எங்கேயாவது ஒட்டுகிறதா என்று பார்க்க, பிரைமரி போடாத கன்ட்ரோல் ஸ்லைடு ஒன்றும் எப்போதும் வையுங்கள்.

விலை அதிகம்தான். ஆனால் 1:1000 நீர்த்தலில் அரை மில்லி குப்பி அரை லிட்டர் கரைசலுக்கு வரும், சின்ன லேபுக்கு அது தாராளம். 4 டிகிரியில் வெளிச்சம் படாமல் வையுங்கள், எடுக்கும் முன் ஒருமுறை சென்ட்ரிஃபியூஜில் சுற்றிக் கட்டிகளை அடியில் தங்கவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுத்தால் படத்தில் அந்த எரிச்சலூட்டும் பச்சைப் புள்ளிகள் வராது.