பட்டியலிலிருந்து சொற்களை நீக்க எந்த வழி?

ஜாவா நிரல்மொழி கற்கத் தொடங்குபவர்களுக்குத் தவறாமல் வரும் பயிற்சி இது: அரேலிஸ்ட்டில் (கூட்டவும் குறைக்கவும் முடிகிற பட்டியலில்) உள்ள சொற்களில் ‘க’வில் தொடங்குபவற்றை நீக்க வேண்டும். பட்டியலில் மலை, கடல், கல், நதி என்று நான்கு சொற்கள். மலையும் நதியும் மட்டுமே மிஞ்ச வேண்டும். பலருக்கும் கல்லும் சேர்ந்து மிஞ்சுகிறது.

காரணம், 0-இலிருந்து முன்னோக்கி ஓடும் ஃபார் லூப், அதாவது இட எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் சுழற்சி. ஜாவாவில் முதல் இடத்தின் எண் 0. 1-ஆம் இடத்தில் இருக்கும் கடலை நீக்கியதும் கல் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. லூப்போ 2-க்குப் போய் நதியைப் பார்க்கிறது. கல்லை யாரும் சோதிக்கவே இல்லை. இதே லூப்பைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஓட்டினால் சிக்கல் தீர்ந்தது. நகர்பவை எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்த சொற்கள்தான்.

இட எண் இல்லாமல் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபார்-ஈச் வடிவத்துக்குள் நேரடியாக நீக்குவது இதைவிட மோசம். மேற்கண்ட பட்டியலில் கன்கரன்ட்மாடிஃபிகேஷன்எக்செப்ஷன் என்ற பிழை எழுந்து நிரல் நின்றுவிடும். அது நல்லதுதான், தவறு உடனே தெரிகிறது. ஆனால் வரிசையை மலை, நதி, கடல், கல் என்று மாற்றிப் பாருங்கள். கடைசிக்கு முந்தைய சொல் நீங்கியதும் பட்டியலின் அளவு 3. லூப் பார்த்து முடித்ததும் 3. எல்லாம் முடிந்தது என்று எண்ணி அது சத்தமில்லாமல் வெளியேறிவிடும், கல் தப்பிவிடும். ஆளுக்கு ஏற்றபடி பேசும் இப்படிப்பட்ட நிரலை நம்பவே கூடாது.

பட்டியலை ஒவ்வொன்றாகக் கடந்து செல்ல உதவும் இடரேட்டர் சரியான விடை தரும். நீக்கும்போது இடரேட்டரின் ரிமூவை அழைக்க வேண்டும். பட்டியலின் ரிமூவை அழைத்தால் பழைய கதைதான்.

வேண்டிய சொற்களைப் புதிய பட்டியலில் சேர்ப்பது படிக்க எளிது. ஆனால், வந்த பட்டியலையே மாற்றச் சொல்லும் பயிற்சியில் இது தோற்கும்: மெதடுக்குள் (நீங்கள் எழுதும் செயற்கூறுக்குள்) பட்டியலைப் பெறும் அளவுருவுக்குப் புதிய பட்டியலை ஒதுக்கினாலும், அழைத்தவரிடம் இருப்பது பழையதே.

2014-இல் ஜாவா 8 உடன் வந்த, நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை நீக்கும் ரிமூவ்இஃப் ஒரே வரியில் வேலையை முடித்துவிடுகிறது. அன்றாட நிரலுக்கு நான் எடுப்பது இதைத்தான். பயிற்சியில் இருப்பவர் முதலில் பின்னோக்கிய லூப்பை எழுதட்டும். இடம் நகர்வது அதில்தான் புரியும்.

எது எழுதினாலும் அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்செப்ஷன் என்ற பிழை வந்தால் லூப்பைக் குடைய வேண்டாம். பட்டியலை லிஸ்ட்.ஆஃப் அல்லது அரேஸ்.ஆஸ்லிஸ்ட் கொண்டு உருவாக்கியிருப்பீர்கள். அவற்றிலிருந்து எதையும் நீக்க முடியாது. அதை ஒரு புதிய அரேலிஸ்ட்டுக்குள் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.