தையல் மேசைக்கு எந்த அயர்ன் பாக்ஸ்? 2,000 ரூபாய்க்குள் ஓர் ஒப்பீடு

அக்கா மகளுக்காக ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்தேன். பிளவுஸ் தைத்து மிஞ்சிய பருத்தித் துணிகளை ஐந்து இஞ்ச் சதுரங்களாக வெட்டி, வரிசைக்கு 9 சதுரம் வீதம் 12 வரிசை. வரிசைகளை ஒன்றோடொன்று இணைக்கப் போனபோது இரண்டு வரிசைகள் அரை இஞ்ச் குட்டையாக நின்றன. தையலை அளந்தேன், எல்லாம் சரியாகக் கால் இஞ்ச். தவறு தேய்ப்பில் இருந்தது. மூட்டுத் தையல் முழுசாகப் படியாமல், ஒவ்வொரு மூட்டிலும் பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் துணி மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. ஒரு வரிசையில் 8 மூட்டு என்றால் அரை இஞ்ச் கணக்கு வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் அயர்ன் பாக்ஸை வீட்டுச் சாமானாகப் பார்க்காமல், கத்தரிக்கோல் மாதிரி ஒரு தையல் கருவியாகப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கடையில் கிடைப்பவை மூன்று வகை: லேசான டிரை அயர்ன், கனமான டிரை அயர்ன், சாதாரண ஸ்டீம் அயர்ன். மூன்றிலும் வருஷக்கணக்கில் வேலை செய்த பிறகு சொல்கிறேன்: தைப்பவர்களுக்குக் கனமான டிரை அயர்ன்தான். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். சட்டை தேய்ப்பதும் தையல் தேய்ப்பதும் ஒன்றல்ல. சட்டையில் பெட்டியை இழுத்துக்கொண்டே போகிறோம். தையலில் வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் துணி கூடவே இழுபடும். கிராஸாக, அதாவது நெசவுக்குச் சாய்வாக, வெட்டிய துண்டு என்றால் கேட்கவே வேண்டாம், சதுரம் சாய்சதுரமாகிவிடும். ஆகவே நமக்கு வேண்டியது வழுக்கிக்கொண்டு ஓடும் பெட்டி அல்ல, இருந்த இடத்தில் உட்கார்ந்து அழுத்தும் பெட்டி.

லேசான டிரை அயர்ன் ஒரு கிலோவுக்குள் இருக்கும். 750 வாட்டிலும் 1000 வாட்டிலும் வருகிறது. பஜாஜ் டிஎக்ஸ் 7 போன்றவை இந்த ரகம். விலை குறைவு, கை வலிக்காது, சின்னச் சதுரங்களுக்குப் போதும். ஆனால் எடை இல்லாததால் அழுத்தத்தை உங்கள் மணிக்கட்டு கொடுக்க வேண்டும். ஈரத்துணி மேல் வைத்ததும் சட்டென்று சூடு இறங்கிவிடும், மறுபடி விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருக்க வேண்டும். 750 வாட் என்றால் இந்தக் காத்திருப்பு இன்னும் அதிகம். லேசானதுதான் வேண்டும் என்றால் 1000 வாட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

அடுத்தது ஸ்டீம் அயர்ன். புதிதாகத் தைக்க வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன். ஆவி வந்தால் தையல் நன்றாகப் படியும் என்பது உண்மைதான். சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது.

தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அடித்தகடு நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். பாலியஸ்டர் லைனிங்குக்காகச் சூட்டைக் குறைத்து வைத்தால், விலை குறைந்த மாடல்களில் ஆவிக்குப் பதில் தண்ணீரே ஓட்டை வழியாகச் சொட்டும். எங்கள் வீட்டில் போர்த் தண்ணீர். அதை ஊற்றி ஊற்றி உள்ளே உப்பு படிந்து, ஒருநாள் வெள்ளைத் துண்டின் மேல் பழுப்பு நிறத்தில் கக்கியது. பக்கத்திலேயே சிவப்புச் சுங்குடித் துண்டு. அதன் சாயமும் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைக்குள் இறங்கிவிட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து தைத்தது. அந்தச் சதுரத்தைச் சுற்றித் தையல் பிரித்தபோது இருந்த வருத்தம் இன்னும் மறக்கவில்லை.

கேன்வாஸ் ஒட்டும்போது இன்னொரு குறை தெரியும். கழுத்து விறைப்பாக நிற்பதற்காக உள்பக்கம் ஒட்டும் துணிதான் கேன்வாஸ், அதில் பசைப் புள்ளிகள் இருக்கும். அவை உருகித் துணியில் பிடிக்க, பத்துப் பதினைந்து விநாடி அசைக்காமல் அழுத்த வேண்டும். ஆவி ஓட்டைகள் இருக்கும் இடத்தில் தகடு துணியைத் தொடாது. அந்த இடங்களில் பசை சரியாகப் பிடிக்காமல், துவைத்ததும் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒவ்வொரு இடத்திலும் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டாவது தடவை அழுத்தினால் சரியாகும், ஆனால் அது இரட்டை வேலை.

மின்சாரக் கணக்கும் இருக்கிறது. பிலிப்ஸ் ஜிசி 1905 மாதிரி ஸ்டீம் அயர்ன் 1440 வாட் எடுக்கும். 230 வோல்ட்டில் வகுத்தால் 6.26 ஆம்பியர். வீட்டில் சாதாரண பிளக் பாயின்ட் 6 ஆம்பியர்தான். அதிலும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிஷின் மோட்டாரையும் சேர்த்துப் போட்டிருப்போம். 1200 வாட் டிரை அயர்ன் என்றால் 5.2 ஆம்பியரில் நின்றுவிடும். மோட்டாருக்கு 100 வாட் சேர்த்தாலும் அளவுக்குள் இருக்கும். ஸ்டீம்தான் வேண்டும் என்பவர்கள் 16 ஆம்பியர் பாயின்ட் பக்கத்தில் தேய்க்கும் மேசையைப் போடுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தையல் கடைகளில் மேலே பாட்டில் தொங்கவிட்டு வைத்திருக்கிறார்களே, அந்த ஸ்டீம் அயர்ன் அருமையானது. பாட்டிலுக்குள் உப்பை இழுக்கும் குருணை போடுகிறார்கள், பெட்டியும் கனம். ஆனால் அது நம் பட்ஜெட்டுக்கு வெளியே. வீட்டில் ஓரிரு பிளவுஸ் தைப்பவர்களுக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

இப்போது கனமான டிரை அயர்ன். உஷா கோலியாத் போன்ற 1200 வாட் பெட்டிகள் இந்த வகை. ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை எடை. தடிமனான தகடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், கேன்வாஸ் மேல் பதினைந்து விநாடி வைத்தாலும் சூடு இறங்காது. ஓட்டை இல்லாத மட்டத் தகடு, எல்லா இடமும் ஒரே மாதிரி படியும். அழுத்தத்தைப் பெட்டியின் எடையே பார்த்துக்கொள்ளும், நாம் தூக்கி வைத்தால் போதும்.

ஆவிக்கு? பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டில் ஒன்று. எங்கே ஈரம் வேண்டுமோ அங்கே மட்டும், சாயம் போகாத துணியில் மட்டும் தெளிக்கலாம். சாயம் போகும் சுங்குடியை உலர்வாகவே தேய்த்துவிடலாம். தடித்த மூட்டுகளில் ஈரம் காட்டி அழுத்திவிட்டு, பெட்டியை எடுத்த கையோடு ஒரு வழவழப்பான மரக்கட்டையைச் சூடு ஆறும்வரை மேலே வைத்துப் பாருங்கள். தையல் காகிதம் மாதிரி படிந்துவிடும்.

இதற்கும் குறைகள் உண்டு. தூக்கித் தூக்கி வைப்பதால் ஒரு மணி நேரத்தில் தோள் சொல்லிவிடும். மேசை உயரம் இடுப்பளவு இருந்தால் பாதி வலி குறையும். மணிக்கட்டு வலி ஏற்கனவே இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன், 1000 வாட் லேசான பெட்டியே நல்லது. இன்னொன்று, ஏறிய சூடு சீக்கிரம் இறங்காது. பருத்தித் துணி தேய்த்த கையோடு ஜரிகை பார்டரில் வைத்துவிடாதீர்கள். இப்போது வரும் ஜரிகையில் நிறைய பாலியஸ்டர் இழைதான், சுருங்கிப்போகும். நான் முதலில் லைனிங், அப்புறம் பட்டு, கடைசியில் பருத்தி என்று சூடு ஏறும் வரிசையில் வேலையை வைத்துக்கொள்கிறேன்.

நான்ஸ்டிக் தகடா, வெறும் தகடா என்றும் கேட்பார்கள். பிளவுஸ் தைப்பவர்களுக்கு ஊக்கு எதிரி. ஒரு தடவை அழுத்தமாக உரசினால் நான்ஸ்டிக் பூச்சில் கோடு விழும். கஞ்சி போட்ட துணியோ கேன்வாஸ் பசையோ ஒட்டினால் நான்ஸ்டிக் தகட்டைத் துடைப்பது எளிது. வெறும் தகட்டை, பெட்டி ஆறிய பிறகு, சமையல் சோடாவைக் குழைத்து ஈரத்துணியால் தேய்த்தால் போகும். என்னுடையது நான்ஸ்டிக்தான். அதனால் தேய்த்து முடித்த பிறகுதான் ஊக்கு, பட்டன் எல்லாம் தைக்கிறேன்.

கடையில் வாங்கும்போது ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கையில் கொண்டுபோங்கள். பெட்டியைத் திருப்பித் தகட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பார்த்தால், தகடு மட்டமாக இருக்கிறதா என்று இடைவெளியில் தெரிந்துவிடும். மூக்கு கூர்மையாக இருக்கட்டும், மூட்டைப் பிரித்துத் திறப்பது அதுதான். பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒயரை முழுசாகப் பிரித்து நீட்டச் சொல்லுங்கள். மிஷின் பக்கத்திலிருந்து பிளக் பாயின்ட் வரை எட்டுமா என்பதை வீட்டிலேயே அளந்துகொண்டு போவது நல்லது.