வானியலா, வானிலையா: முதலில் எதைப் படிக்கலாம்?

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வுக்கூடத்தில் நட்சத்திரக் கணக்கும் மழைக் கணக்கும் ஒரே வளாகத்தில் நடந்தன. 1899-இல் வானியல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. வானிலை அங்கேயே தங்கிவிட்டது.

வானியலின் பலம் நேரம் தவறாமை. கிரகணம் எந்த நிமிடத்தில் தொடங்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடலாம். தொடங்கச் செலவும் இல்லை. தை, மாசி இரவுகளில் மொட்டைமாடியில் நின்றால் கார்த்திகைக் கூட்டமும் செந்நிற ரோகிணியும் திருவாதிரையும் வெறுங்கண்ணுக்கே தெரியும். தொலைநோக்கி வாங்க அவசரப்படாதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் இருகண்ணோக்கியை அசையாமல் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் அகப்படும். மறுநாள் பார்த்தால் அவை இடம் மாறியிருக்கும். கலீலியோ 1610-இல் கண்டதும் இதைத்தான். நகரத்து விளக்குகள்தான் எதிரி.

வானிலை அப்படி வாக்குக் கொடுக்காது. நாளை மாலை மழையா என்று கேட்டால் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். ஆனால் பாடம் பகலிலேயே, தினமும் கிடைக்கிறது. நேரான சுவர் கொண்ட பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும், மழைமானி தயார். 1 மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். வீட்டு மாடியின் பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், வியப்பாக இருக்கும்.

ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால் நான் வானிலையைச் சொல்வேன்: நம் கணிப்பு தவறினால் மறுநாளே தெரிந்துவிடும். தவிர, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் நட்சத்திரம் தேடுபவருக்குப் பெரும்பாலும் விடுமுறைதான்.