பழைய ஜீப்பின் ஹீட்டர்: ராமநாதபுரம் கடற்கரையில் நீண்ட நாள் அனுபவம்

கடற்கரை ஊரில் ஓடும் ஜீப்புக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், ஐப்பசி மழையில் ஒரு தடவை ஏசி இல்லாத வண்டியில் பாம்பன் பாலத்தைக் கடந்து பார்க்க வேண்டும். கதவுத் திரைகளை இழுத்துக் கட்டி, நனைந்த சட்டையோடு நாலு பேர் உள்ளே உட்கார்ந்தால், மண்டபம் தாண்டுவதற்குள் முன்கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடும். வைப்பர் வெளியே ஓடி என்ன பயன்? துண்டால் துடைத்தால், எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாகச் சிதறும். பாலத்தில் ஓரம் கட்டவும் முடியாது.

ஹீட்டர் நன்றாக இருந்தால் இந்தத் தொல்லை சில நிமிடத்தில் தீரும். 25 டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கும் காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் காற்று கண்ணாடியில் பட்டதும் பனியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணாடியும் சூடேறும், மறுபடி பனி படியாது. குளிருக்காக வைத்த சாமான் எங்கள் பக்கம் மழைக்குத்தான் அதிகம் உதவுகிறது.

என்னுடையது 1990களில் வந்த டீசல் ஜீப். நாலு வீல் டிரைவ், தார்ப்பாய் டாப். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் அதிக ஓட்டம். அப்பப்போ மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும். சுமார் 2,100 மீட்டர் உயரம், மார்கழி ராத்திரியில் பத்து டிகிரிக்கும் கீழே போகிற ஊர். வண்டி கைக்கு வந்தபோது அதன் ஹீட்டரில் வந்தது மூச்சுக்காற்று மாதிரிதான். வெளியே 26 டிகிரி இருந்த ஒரு மழைநாளில் காற்று வரும் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் சொருகிப் பார்த்தேன், 34க்கு மேல் ஏறவில்லை. இப்போது அதே மாதிரி நாளில் 55ஐத் தொடுகிறது. நடுவில் செய்தது என்ன, அதில் எது நின்று பிடித்தது, எது பிடிக்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் சோதனைக்குக் காசே ஆகாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஃபேனில் கை படாமல் கவனமாக, இன்ஜினின் சூடான தண்ணீரை ஹீட்டருக்குக் கொண்டுபோய்த் திருப்பும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர் ஓட்டம் சரி, காற்றுப் பக்கத்தில்தான் கோளாறு. ஒன்று சூடு, இன்னொன்று வெதுவெதுப்பு என்றால் ஹீட்டர் காயில் (அந்தத் தண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) அடைத்திருக்கிறது. இரண்டுமே ஆறிப்போய் இருந்தால் ஹீட்டர் டேப் திறக்கவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது இன்ஜினே சூடாகவில்லை. என் வண்டியில் ஒரு ஹோஸ் சுமாரான சூடு, இன்னொன்று கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீர். அதோடு டெம்பரேச்சர் முள் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கால் பங்குக்கு மேல் எழும்பாது.

அந்த முள்தான் காட்டிக்கொடுத்தது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தால் வெறும் ஓட்டை. யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். தென் மாவட்டங்களில் பழைய டீசல் வண்டிகள் பலவற்றுக்கு இதுதான் நிலைமை. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு, கழட்டிட்டா இன்ஜின் கூலா ஓடும்" என்று சொல்லியே கழற்றிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் அதனால் கெடுவது ஹீட்டர் மட்டும் இல்லை. தெர்மோஸ்டாட் 82 டிகிரி வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியை மூடி வைத்து இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கும், அதற்கு மேல் தானாகத் திறந்துவிடும். சித்திரை வெயிலில் அது முழுக்கத் திறந்துதான் இருக்கும், எதையும் தடுக்காது. கழற்றிவிட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, டீசல் சரியாக எரியாமல், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றி, கடைசியில் அதிகச் சூட்டில் கொண்டுபோய் விடும்.

புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் சோதித்தேன். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டி, அடியில் இடிக்காமல் தொங்கவிட்டு, பக்கத்திலேயே தெர்மாமீட்டரையும் வைத்து அடுப்பை ஏற்ற வேண்டும். 80 வரை அசையாது. 82ஐத் தாண்டியதும் நடுத்தட்டு மயிரிழை அளவு விலகும், தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது வாய் முழுக்கத் திறந்திருக்கும். அடுப்பிலிருந்து இறக்கினால் மெதுவாக மூடும். மாட்டும்போது தட்டில் இருக்கும் சின்ன ஓட்டை மேல்பக்கம் பார்க்க வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி. கேஸ்கெட் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

இதை மாட்டியதுமே காற்று 34இலிருந்து 43க்கு ஏறியது. மீதிக் குற்றவாளி எங்கள் ஊர்த் தண்ணீர்.

ராமநாதபுரம் கடலோரத்தில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. காவிரித் தண்ணீர் வந்த பிறகும் வண்டிக்கு ஊற்றுவது என்னவோ கையில் கிடைத்த தண்ணீரைத்தான். அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் பாறையாகப் படியும், உப்பு உலோகத்தை அரிக்கும். ரேடியேட்டரை விட ஹீட்டர் காயிலின் குழாய்கள் குறுகல். வருடத்தில் பெரும்பகுதி டேப் மூடியே இருப்பதால் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, படிவத்துக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

காயிலைக் கழற்றிக்கொண்டு கீழக்கரையில் ஒரு ரேடியேட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கையில் வாங்கி எடை பார்த்தார். "காக்கா (அண்ணே), ஆசிட் ஊத்தினா சரியாகுமா?" என்று கேட்டேன். "ஊத்தினா அடைப்பும் போகும் தம்பி, காயிலும் போகும். இது ஈயப் பத்து வச்ச செம்பு. முதல்ல எலுமிச்ச உப்பு போட்டுப் பாருங்க. அதுக்கும் மசியலேன்னா கொண்டாங்க, தலையத் திறந்து கம்பி விட்டுத் தர்றேன்" என்றார். வேலையைத் தட்டிக்கழித்து நல்ல யோசனை சொல்லி அனுப்பிய மனிதர். அப்புறம் எந்த ரேடியேட்டர் வேலைக்கும் அவரிடம்தான்.

எலுமிச்சை உப்பு என்பது சிட்ரிக் ஆசிட் தூள்தான், மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து, காயிலைச் செங்குத்தாக நிறுத்தி ஊற்றினேன். உடனே உள்ளே நுரை பொங்கும் சத்தம் கேட்டது, மேல் குழாயில் சாம்பல் நிற நுரை எழுந்தது. நுரை அடங்கியதும் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல். முதலில் வந்தது காவி நிறச் சேறு, அடுத்து கடற்கரை மணல் மாதிரி வெள்ளைக் கட்டிகள். நுரையே வராத நிலைக்கு வந்ததும் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு அலசு, பிறகு தண்ணீர் வெளியே வரும் குழாய் வழியாக எதிர்த்திசையில் ஹோஸ் பிடித்து, மெதுவான அழுத்தத்தில் நிறையத் தண்ணீர். வேகமாக அடித்தால் பழைய ஈயப் பத்து, அதாவது பற்றவைத்த ஒட்டு, விட்டுவிடும்.

காயிலை வெளியே எடுத்ததில் இன்னொரு நன்மை, காற்றுப் பக்கத்தைப் பார்க்க முடிந்தது. சீமைக்கருவேல இலை எவ்வளவு சின்னது என்று எல்லாருக்கும் தெரியும். பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள காற்றுத் துவாரத்தில் அது தங்கு தடையில்லாமல் நுழைகிறது. தனுஷ்கோடி மணலும் உப்பு ஈரமும் சேர்ந்து, காயிலின் தகடுகள் மேல் விரல் தடிமனுக்கு அடை அடையாக ஒட்டியிருந்தது. அதை மென்மையான பிரஷ்ஷால் நீவி எடுத்து, காயிலைச் சுற்றி உதிர்ந்து போயிருந்த ஸ்பாஞ்சுக்குப் பதில் புதுசு ஒட்டினேன். இந்த ஸ்பாஞ்சை அலட்சியம் செய்யாதீர்கள். அது இல்லாவிட்டால் காற்று காயிலுக்குள் போகாமல் ஓரமாக நழுவிப்போகும், நீங்கள் தண்ணீர்ப் பக்கம் என்ன செய்தாலும் சூடு வராது. துவாரத்துக்கு மேல் மெல்லிய இரும்புச் சல்லடை வைத்தேன், ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துக் கரைந்தது. இப்போது இருப்பது நைலான் வலை.

காற்றைத் தள்ளும் ப்ளோயர் மோட்டார் சோம்பலாகச் சுற்றியதற்குக் காரணம் மோட்டார் இல்லை, எர்த் (கரண்ட் வண்டி பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). ப்ளோயரை ஓடவிட்டு, மோட்டாரின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எனக்கு ஒரு வோல்ட்டைத் தாண்டியது. டேஷ்போர்டுக்குக் கீழே பாடியில் முடுக்கிய போல்ட்டைக் கழற்றினால் பச்சைப் பூத்திருந்தது. உப்புத்தாள் தேய்த்து, புது முனை வைத்து, வாசலின் தடவி முடுக்கியதோடு சரி.

கடைசி வேலை, தண்ணீர் லைனில் மாட்டிய காற்றை வெளியே எடுப்பது. காயில் உயரமான இடத்தில் இருப்பதால் காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டி மூக்கு மேலே பார்த்து நிற்க மேடு வேண்டும். எங்கள் ஜில்லாவில் மேட்டுக்கு எங்கே போவது? கண்மாய்க் கரைதான். ஆறின இன்ஜினோடு கரைச் சரிவில் ஏற்றி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹீட்டர் டேப்பை முழுக்கத் திறந்து, ரேடியேட்டர் மூடி திறந்தபடி கூலன்ட்டை மெதுவாக ஊற்றினேன். பிறகு ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் விட்டு, மேல் ஹோஸைப் பிசைந்துகொண்டே இருந்தால் குமிழ் குமிழாக வரும். மட்டம் திடீரென்று இறங்கும், நிரப்ப வேண்டும். குமிழ் நின்ற பிறகு மூடி. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கும் வேலை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பழைய கூலன்ட்டை அங்கேயே தரையில் விடவும் கூடாது, அது இனிக்கும், விஷம். கண்மாய்க்கு வரும் ஆடு மாடும் நாயும் நக்கிவிடும். கேனில் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஊற்றியது பாதிக்குப் பாதி கூலன்ட், மீதி டிஸ்டில்டு வாட்டர். இங்கே தண்ணீர் உறையப் போவதில்லை, துருத் தடுப்புக்காகத்தான் கூலன்ட். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். மாற்றும்போது வெளியே வருவது இன்னும் பச்சையாகவே வருகிறது, காவி இல்லை. அதைப் பார்க்கும்போது வரும் திருப்தியே தனி. பல மழைக்காலம் கண்ட பிறகும் காயில் அடைக்கவில்லை, பத்து வைத்த இடம் கசியவில்லை. கசிந்தால் தெரிந்துவிடும்: உள்ளே ஒரு இனிப்பு வாடை வரும், கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படியும். டீசல் செலவும் கொஞ்சம் குறைந்தது, அது தெர்மோஸ்டாட் செய்த வேலை. வெயில் காலத்தில் முள் நடுவைத் தாண்டியதில்லை.

நிற்காத விஷயங்களும் உண்டு. எர்த் போல்ட்டில் வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி பச்சை பூக்கிறது, மழைக்கு முன்னால் சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஹோஸ் கிளிப்புகள் துருப்பிடித்து இற்றுப்போக, இப்போது துருப்பிடிக்காத எஃகு கிளிப் போட்டிருக்கிறேன். கதவுத் திரையின் பிளாஸ்டிக் ஜன்னலுக்கு ஹீட்டர் காற்று எட்டுவதில்லை, அது மழையில் இன்றும் மங்கல்தான். மழையில் வெளிக்காற்று எடுக்கும் பக்கமே லீவர் இருக்கட்டும், உள்காற்றையே சுற்றவிட்டால் பனி கூடும்.

பெரிய தொந்தரவு கோடையில். பழைய டேப் முழுக்க மூடாமல் கொஞ்சம் தண்ணீரை விட்டதால், பங்குனி பிறந்ததும் கால்மாட்டில் அனல் அடித்தது. சூடு உள்ளே வரும் ஹோஸில் ஒரு பித்தளை பால் வால்வ் வைத்து அதைத் தீர்த்தேன். சில இன்ஜின்களில் ஹீட்டர் லைன்தான் பைபாஸாகவும் வேலை செய்யும், அதில் வால்வ் வைத்து அடைக்கக் கூடாது, உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வையுங்கள். கோடையிலும் மாதம் ஒரு தடவை வால்வைத் திறந்து பத்து நிமிடம் ஓடவிட்டு மூடுகிறேன். தண்ணீர் தேங்காது, வால்வும் இறுகாது.