ஜாவாவில் கொட்டும் கோபுரம் பெட்ராக்கில் ஏன் வறண்டு கிடக்கிறது?

மைன்கிராஃப்ட் விளையாட்டில், இருட்டில் தானாக முளைக்கும் ஜந்துக்களை விழவைத்துக் கொன்று, அவை விட்டுப்போகும் பொருள்களைப் பெட்டியில் சேர்ப்பதற்காகக் கடலுக்கு மேலே நான் கட்டியிருந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு, அக்கா மகன் தன் கைபேசியில் அதேபோல ஒன்றைக் கட்டினான். கல்லுக்குக் கல் எண்ணி எழுப்பியது. இருட்டறைத் தளங்கள், தண்ணீர் வாய்க்கால், விழுந்து சாவதற்கான குழாய், நாம் நிற்பதற்கு உயரத்தில் ஒரு பரண், எதிலும் பிசகில்லை. என் கணினியில் ஓர் இரவு ஓடவிட்டால் பெட்டிகள் நிரம்பிவிடும். அவன் கைபேசியில் ஓர் எலும்பு கூட விழவில்லை. "மாமா, நீங்கள் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்" என்றான். விட்டது உண்மைதான், ஆனால் அது எனக்கே தெரியாது. நான் ஆடுவது ஜாவா பதிப்பு. அவன் ஆடுவது பெட்ராக் பதிப்பு.

பெயர் ஒன்று, படம் ஒன்று, கிரீப்பர் என்ற ஜந்துவின் பச்சை முகமும் ஒன்று. நிரல்தான் வேறு. 2009இல் மார்கஸ் பெர்சன் ஜாவா மொழியில் எழுதத் தொடங்கியது ஒரு வழி. 2011இல் கைபேசிக்கென்று சி++ மொழியில் தனியாக எழுதப்பட்டு, 2017இல் பெட்ராக் என்ற பெயரில் கைபேசி, கேம் கன்சோல், விண்டோஸ் எல்லாவற்றுக்கும் பொதுவானது இன்னொரு வழி. ஒரு ஸோம்பி எங்கே, எப்போது, எத்தனை முளைக்கலாம் என்பதை இரண்டு நிரல்களும் தனித்தனியாகத் தீர்மானிக்கின்றன. வெளியே தெரிகிற ஒற்றுமையை நம்பி, ஒன்றின் வரைபடத்தை மற்றொன்றில் கட்டுகிறவர்கள் எல்லோருமே அக்கா மகன் நிலைமைக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

வெளிச்சத்தில் தகராறு இல்லை. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து, பகை ஜந்துக்கள் (ஸோம்பி, கிரீப்பர் போல ஆட்டக்காரரைத் தாக்குபவை) முளைக்க விளக்கொளி அறவே இருக்கக் கூடாது, அதாவது 0. அதற்கு முன்பு 7 வரை அனுமதி இருந்தது. ஒரு டார்ச்சின் ஒளி 14. ஒரு கட்டம், அதாவது ஒரு கல்லின் அகலம், தள்ளிப்போனால் ஒன்று குறையும். ஆக, பழைய கணக்கில் 6 கட்டம் வரை காத்த அதே டார்ச் இப்போது 13 கட்டம் காக்கிறது. வீட்டைச் சுற்றி டார்ச் நடுகிறவருக்கு நிம்மதி. கோபுரம் கட்டுகிறவருக்குத்தான் கூடுதல் வேலை: கூரையில் ஒரு சந்து கூட இருக்கக் கூடாது. ஆட்டக்காரரிடமிருந்து 24 கட்டத்துக்குள் எதுவும் முளைக்காது என்பதும் இரண்டுக்கும் பொது.

வேறுபாடு அந்த 24க்கு அப்பால் தொடங்குகிறது. ஜாவாவில் 24 முதல் 128 கட்டம் வரை, உங்களைச் சுற்றி ஒரு பெரிய உருண்டையாக, எங்கு வேண்டுமானாலும் முளைக்கலாம். 128ஐத் தாண்டியது அந்தக் கணமே மறையும். பெட்ராக்கில் இது உலக அமைப்பிலுள்ள சிமுலேஷன் தூரத்தை, அதாவது உங்களைச் சுற்றி எவ்வளவு தூரம்வரை உலகம் இயங்கும் என்பதை, பொறுத்தது. கைபேசியில் பெரும்பாலும் 4 சங்க் என்றுதான் வைத்திருப்பார்கள் (ஒரு சங்க் என்பது 16க்கு 16 கட்டம்). அந்த அமைப்பில் எல்லை 44 கட்டத்தோடு முடிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் 24 கட்ட உருண்டையைக் கழித்துவிட்டு இரண்டின் கன அளவையும் போட்டுப் பார்த்தேன்: ஜாவாவின் இடம் ஏறத்தாழ 29 மடங்கு பெரியது.

என் பரண் 200ஆவது உயரத்தில் இருக்கிறது. முளைக்கும் தளங்கள் அதற்கு 60 கட்டம் கீழே. ஜாவாவில் அது சரியான இடம். கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள குகைகள் 128க்கு வெளியே போய்விடுவதால், ஜந்துக்களுக்கு என் தளங்களை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அக்கா மகனும் அதே பரணில் நின்றான். அவனுக்கு எல்லை 44; தளங்களோ 60க்கு அப்பால். முளைக்கவே வாய்ப்பில்லாத இடத்தில், முளைக்கும் என்று விடிய விடியக் காத்திருந்திருக்கிறான். பாவம், கைபேசியைச் சார்ஜரில் வேறு போட்டு வைத்திருந்தான்.

ஆனால் இதே குறுகிய எல்லையில் பெட்ராக்காரருக்கு ஒரு லாபமும் உண்டு. குகைகளை ஒதுக்க ஜாவாவில் வானத்துக்கு ஏற வேண்டியிருக்கிறது. 44 கட்ட எல்லையில் 110ஆவது உயரத்தில் நின்றாலே கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் கணக்கிலிருந்து கழன்றுவிடும். பாதிக் கல்லில் வேலை முடிகிறது. ஜாவா வரைபடத்தைப் பார்த்துக் கட்டியதால் அந்த லாபத்தை அவன் தானே உதறியிருந்தான்.

தளங்களிலிருந்து 30 கட்டத்தில் நிற்கும்படி பரணை மாற்றிக்கொண்டான். ஜந்துக்கள் வந்தன. கொஞ்ச நேரம் வந்தன, பிறகு நின்றுவிட்டன. இந்த இரண்டாவது முடிச்சுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது.

நில உச்சவரம்பு போல ஜந்துக்களுக்கும் உச்சவரம்பு உண்டு. ஜாவாவில் தனியாக ஆடும்போது பகை ஜந்துக்களுக்கு 70. ஆடு, மாடு, கோழி வகைக்கு 10. வௌவாலுக்கு 15 என்று வகை வகையாக ஒதுக்கீடு. எங்கே இருக்கின்றன என்று அது பார்ப்பதில்லை, மொத்தத்தில் எத்தனை என்றுதான் பார்க்கும். எங்கோ ஒரு குகையில் 70 ஸோம்பிகள் நின்றுகொண்டிருந்தால் உங்கள் கோபுரத்தில் ஒன்றும் முளைக்காது. இடத்தைப் பெரிதாகக் கொடுத்துவிட்டுத் தலையை மொத்தமாக எண்ணுவது ஜாவாவின் வழி.

பெட்ராக்கில் உலகம் முழுவதற்கும் 200 என்று ஓர் உச்சவரம்பு. கேட்க தாராளமாக இருக்கிறது. உண்மையில் கையைக் கட்டுவது அதுவல்ல, வட்டார உச்சவரம்பு: சுற்றுவட்டாரத்தில் வெளிநிலத்தில் முளைத்த பகை ஜந்துக்கள் 8, தலைக்கு மேல் கூரையுள்ள இடங்களில் முளைத்தவை 16. கோபுரத்தின் தளங்கள் எல்லாம் கூரைக்கு அடியில்தானே இருக்கின்றன. ஆகவே இந்த இரண்டாவது கணக்குத்தான். எத்தனை தளம் அடுக்கினாலும் 16க்கு மேல் உயிரோடு இருக்க முடியாது.

அக்கா மகன் செய்தது என்ன? அனுபவப் புள்ளி (ஆட்டக்காரர் தன் கையால் கொன்றால் கிடைப்பது) வேண்டும் என்பதற்காக, பரணை மாற்றியபோதே, விழுந்து சாகாதபடி குழாயை 22 கட்டமாகக் குறைத்திருந்தான். ஸோம்பிக்கும் கிரீப்பருக்கும் எலும்புக்கூட்டுக்கும் உயிர் 20 புள்ளி. விழும் உயரத்தில் 3ஐக் கழித்தால் வருவது சேதம். 22 கட்டம் விழுந்தால் 19 போய், ஒரே ஒரு புள்ளியோடு தள்ளாடிக்கொண்டு நிற்கும். ஓர் அடியில் சாய்த்துவிடலாம். அழகான தந்திரம், ஜாவாவில் பல காலமாக நடப்பது. குழியில் 20 ஜந்துக்கள் அடிக்காகக் காத்திருந்தாலும் ஜாவாவில் இன்னும் 50 முளைக்க இடம் இருக்கிறது. பெட்ராக்கிலோ குழியில் 16 சேர்ந்ததும் கதவு மூடிக்கொள்கிறது. அவன் சாப்பிடப் போய்விட்டு வந்து பார்க்கும்போதெல்லாம் குழியில் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆகவே ஜாவாவில் எத்தனை தளம் கட்டினீர்கள் என்பது முக்கியம். பெட்ராக்கில் எவ்வளவு சீக்கிரம் கொல்கிறீர்கள் என்பது முக்கியம். குழாயை ஒரே ஒரு கட்டம் நீட்டி 23 ஆக்கினால் விழும்போதே செத்து, கதவு திறந்தே இருக்கும். அனுபவப் புள்ளிதான் கிடைக்காது. அதற்கும் பெட்ராக்கில் ஒரு வழி இருக்கிறது, ஜாவாக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வழி: எறிந்த திரிசூலத்தைப் பிஸ்டன்களால் (தள்ளும் இயந்திரக் கற்கள்) முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தால், அது குத்திக் கொன்றதெல்லாம் எறிந்தவர் கொன்றதாகக் கணக்காகும். நீங்கள் பேசாமல் நின்றாலே புள்ளி சேரும். திரிசூலம் கிடைப்பதும் அங்கே சற்று எளிது. நீரில் திரியும் ஸோம்பிகளான ட்ரௌண்டுகளில் அதை ஏந்தி வருபவை பெட்ராக்கில் 15 சதவீதம், ஜாவாவில் 6.25 சதவீதம்தான்.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாவாவில் ஒவ்வொரு முயற்சியின்போதும் உலகத்தின் அடியிலிருந்து அந்த இடத்தின் மிக உயர்ந்த கல்வரை ஏதோ ஓர் உயரத்தைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். அடி என்பது 1.18க்குப் பிறகு -64. 200இல் கூரை இருந்தால் 260க்கு மேற்பட்ட சீட்டுகளில் உங்கள் தளம் வர வேண்டும். அதனால் வேகத்தில் வெறிகொண்ட ஜாவாக்காரர்கள் மலையையே குடைந்து, பாறையடியில் போய்க் கட்டுகிறார்கள். எனக்கு அத்தனை பொறுமை கிடையாது. வானக் கோபுரம் மெதுவானதுதான். ஒரு வார இறுதியில் கட்டி முடிக்கலாம் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறேன்.

கோபுரமே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்பானர் இருக்கிறது: பாசிக்கல் அறைக்குள் சுழலும் அந்தச் சின்னக் கூண்டு. 16 கட்டத்துக்குள் நீங்கள் நின்றால் 10 முதல் 40 விநாடிக்கு ஒரு முறை, நான்கு ஜந்துக்கள் வரை கக்கும். சராசரியாக 25 விநாடி என்று வைத்தால் மணிக்கு அதிகபட்சம் 576. ஏட்டுக் கணக்கு, நடப்பில் அதைவிடக் குறையும். அருகிலேயே அதே வகை ஆறு நின்றால் அதுவும் ஓய்ந்துவிடும். ஜாவாவில் நல்ல கோபுரத்துக்கு முன்னால் ஸ்பானர் ஒரு சொட்டு நீர்க் குழாய். கைபேசியில் ஆடுகிறவருக்கோ, பரணும் உருண்டையும் கணக்கும் இல்லாமல் முதல் நாளே பலன் தருவது இதுதான். பெட்ராக்கில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கோபுரத்தைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். குறை ஒன்று: கூண்டைப் பெயர்த்து எடுத்துப்போக முடியாது. அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் குடிபெயர வேண்டும்.

இரும்புக்கு வந்தால் தராசு ஜாவா பக்கம் நன்றாகவே சாய்கிறது. அங்கே தூங்கி எழுந்த மூன்று கிராமத்தார் ஒரு ஸோம்பியைப் பார்த்துப் பதறினால் போதும், கொன்றால் இரும்பு தரும் இரும்புக் காவலன் வந்துவிடும். பெட்ராக்கில் 20 கட்டில், 10 கிராமத்தார் என்று ஓர் ஊரையே அமைக்க வேண்டும். அவர்கள் வேலைக்கும் போயிருக்க வேண்டும். குடும்ப அட்டைக்கு இவ்வளவு கேட்பதில்லை.

ஸ்லைம் என்ற பசை ஜந்துவில் பெட்ராக் முந்திக்கொள்கிறது. நிலத்துக்கு அடியில் ஸ்லைம் முளைப்பது குறிப்பிட்ட சங்க்குகளில்தான், பத்துக்கு ஒன்று. ஜாவாவில் அவை எவை என்பது அந்த உலகத்தின் விதை எண்ணை (உலகம் எதிலிருந்து உருவாகிறதோ அந்த எண்) பொறுத்தது; உலகத்துக்கு உலகம் மாறும். பெட்ராக்கில் எல்லா உலகத்திலும் ஒரே சங்க்குகள்! ஒருவர் ஒரு முறை கண்டுபிடித்தால் ஊருக்கே உதவும். அக்கா மகன் அப்படி ஒரு பட்டியலை நோட்டில் எழுதி வைத்திருந்தான். அதிலிருந்து ஓர் இடத்தைப் பெருமையோடு எனக்குக் கொடுத்தான். விதி இரண்டுக்கும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்த நான், என் ஜாவா உலகத்தில் அந்த இடத்தில் இரண்டு மாலை முழுக்கத் தோண்டினேன்.

"மாமா, நான் எதையும் சொல்லாமல் விடவில்லை" என்றான்.